கம்பெனி முட்டை

உங்களோடு பேச வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது, "திட்டச் செயலாக்கத்தில் எதிர்கொண்ட சவால்கள்" என்று ஒரு தலைப்பும் கூடவே வந்தது. அந்தத் தலைப்பில் எனக்குப் பேசத் தெரியாது. முட்டையைப் பற்றிப் பேசத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன். சாப்பாட்டில் முட்டை இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நீங்கள் எல்லாரும் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, அதிகாரிகளாகப் பயிற்சிக்கு வந்திருக்கிறீர்கள். நான் பள்ளி இறுதி முடித்துவிட்டு, பயிற்சி பெற்று, அறுபதுகளின் கடைசியில் கிராம சேவிகாவாகச் சேர்ந்தவள். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பம். எனக்கு வேலை பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில். கையில் ஒரு குடை, ஒரு ரிஜிஸ்டர். கிராமம் கிராமமாகப் போய் மாதர் சங்கம் நடத்த வேண்டும், தையல் சொல்லித்தர வேண்டும், புகையில்லா அடுப்பு கட்டித்தர வேண்டும். முதல் வருடத்தில் பதினோரு அடுப்பு கட்டினேன். அவற்றில் ஒன்பதில் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. மிச்சம் ஒன்றில் மட்டும் சமையல் நடந்தது, அதுவும் நான் போகிற நாளில்.

அதனால் கோழித் திட்டம் வந்தபோது இதிலாவது பேர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முட்டை சாப்பிட வேண்டும், உடம்பில் சத்து ஏற வேண்டும் என்பதற்காக அரசாங்கம் போட்ட திட்டம். மாதர் சங்க உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பத்து வெள்ளை லெகார்ன் கோழி. வீட்டுக்குப் போக மிச்சம் உள்ள முட்டையை விற்றுக்கொள்ளலாம். சென்னீர்குப்பத்திலிருந்து உள்ளே நடந்தால் வரும் ஒரு காலனியில் பன்னிரண்டு பெண்களை நான் தேர்ந்தெடுத்தேன். எல்லாரும் ஒரு காலத்தில் நாற்று நட்டவர்கள். நட்ட நிலமெல்லாம் கம்பெனிகளாகவும் மனைகளாகவும் ஆன பிறகு, அவர்களுடைய புருஷன்மார்கள் அம்பத்தூரில் ஒரே கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள்.

சங்கத்தின் கன்வீனர் குப்பம்மா அக்கா. நாற்பது வயது இருக்கும். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டு மறு கன்னத்தால் பேசுவார். அவர் கணவர் ஏழுமலை அந்தக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலையில் இருந்தார்.

கோழிகள் வந்து இறங்கிய அன்று காலனியே வேடிக்கை பார்த்தது. வெள்ளை வெளேரென்று, சிவப்புக் கொண்டையோடு, யாரையும் மதிக்காமல் நின்றன. பெண்கள் அவற்றுக்குத் துரைசானி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கோழிகளுக்கு மழை வந்தால் உள்ளே ஓட வேண்டும் என்று தெரியாது. நனைந்துகொண்டே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட வேண்டும்.

"சேவிகாம்மா, இதுங்களுக்கு முட்ட போடத் தவிர ஒரு எழவும் தெரியல" என்றார் குப்பம்மாக்கா.

ஆனால் முட்டை போடத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது. அவ்வளவு முட்டையை அந்தக் காலனி அதுவரை பார்த்ததில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் போய், ஏழுமலை வேலை செய்த கம்பெனியின் கேன்டீன் மேனேஜரைப் பார்த்தேன். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "இருக்கிறதெல்லாம் அனுப்பும்மா. ஒண்ணு விடாம எடுத்துக்கிறேன்."

அதன் பிறகு எனக்குக் கால் தரையில் படவில்லை. திங்களும் வியாழனும் கம்பெனியிலிருந்து மூன்று சக்கர வண்டி வரும். தவிட்டில் பதித்த முட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும். சந்தைக்குப் போக வேண்டாம், பேரம் பேச வேண்டாம். பெண்கள் மதியத்தில் படுத்துத் தூங்க ஆரம்பித்தார்கள். சங்கக் கூட்டத்தில் என்னைத் தவிர யாரும் பேசுவதில்லை. நானும் ஒரே விஷயத்தைத்தான் பேசுவேன்: "கம்பெனி முட்டை. ஒண்ணு கூட உடையக் கூடாது. ஒண்ணு கூடக் குறையக் கூடாது."

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, விற்ற முட்டையைச் சிவப்பு மையால் கோடு போட்டேன். கோடு ஏறிக்கொண்டே போனது. மேலே சுண்ணாம்புச் சுவரில் தொடர வேண்டியிருக்கும் என்று ஹெட் கிளார்க் சொன்னார். அவர் சுத்த சைவம். "நான் இதைக் கோடாத்தான் பார்க்கிறேன், முட்டையாப் பார்க்கலை" என்று எனக்குச் சமாதானமும் சொன்னார்.

எங்கள் யூனியன் கமிஷனர் ஒரு நாள் அந்தக் கோட்டின் முன்னால் வந்து நின்றார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என் முப்பது வருட வேலையில் என்னைத் திட்டத் தகுதி உள்ளவர் என்று நான் ஒப்புக்கொண்ட ஒரே அதிகாரி அவர்.

"கோடு நல்லா ஏறுதும்மா" என்றார். "முட்டையை யார் சாப்பிடறாங்க?"

"கேன்டீன்ல தொழிலாளிங்க சாப்பிடறாங்க சார்."

"நம்ம பிள்ளைங்க?"

"மிச்சம் இருந்தா சாப்பிடுவாங்க சார்."

"மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு கூட இல்ல சார். எல்லாம் வித்துடுது." பெருமையோடு சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேன்டீனுக்கு லீவு விட்டா, கோழிக்கும் லீவு விட முடியுமா?"

நான் சிரித்தேன். மேலதிகாரி நகைச்சுவை சொன்னால் சிரிக்க வேண்டும் என்று பயிற்சியிலேயே எங்களுக்கு மறைமுகமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மே மாதம். ஒரு காலை, ஏழுமலை வேலைக்குப் போன ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிய தூக்குச் சட்டியோடு திரும்பி வந்தார். நான் அன்று காலனியில்தான் இருந்தேன்.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்டே?" என்று கேட்டார் குப்பம்மாக்கா.

"கேட்டுல பூட்டு. நோட்டீசு ஒட்டிகீறான். யூனியனுக்கும் மொதலாளிக்கும் பேச்சு வார்த்த முறிஞ்சு போச்சாம்."

அவர் பின்னாலேயே ஒவ்வொருவராக எல்லா வீட்டு ஆண்களும் வந்தார்கள். யாருக்கும் பெரிய கவலை இல்லை. ஏழுமலை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "எம்மாம் பெரிய கம்பெனி. இத்த மூடிட்டு அவன் இன்னா பண்ணுவான்? ரெண்டு நாள்ல தொறந்துருவான்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஒரு படி மேலே போய், "அரசாங்கம் சும்மா விடாது" என்றும் சொன்னேன். நான் வாங்குகிற சம்பளத்துக்கு அந்த நம்பிக்கையைக் கொடுப்பது என் கடமை என்று நினைத்தேன்.

கம்பெனி திறக்கவில்லை. கோழிகளுக்கு நோட்டீசைப் படிக்கத் தெரியாததால் அவை போட்டுக்கொண்டே இருந்தன.

முதலில் தவிட்டுப் பானைகள் நிரம்பின. பிறகு அரிசிப் பானைகள், அவற்றில்தான் அரிசி குறைந்துகொண்டு வந்ததே. பிறகு அண்டா, குண்டான், டிரங்குப் பெட்டி. ஒரு வீட்டில் கைக்குழந்தையைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டுத் தூளியில் முட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். "ஆட்டாம பாத்துக்கோடி" என்று மூத்த பெண்ணைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

நான் ஒரு கூடையை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், வேறு யாராவது வாங்க வந்தால் காட்டலாம் என்று ஹெட் கிளார்க் மேசைக்கு அடியில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மதியம், அவர் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய காலடியில் ஒரு முட்டை வெடித்தது. வேட்டுச் சத்தம் என்று நினைத்து அவர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். அப்புறம் வாசனை வந்தது. அலுவலகம் முழுவதும் வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றது. நாற்காலி மேலிருந்து இறங்க மறுத்தவர் அவர் ஒருவர்தான். "என் வாழ்க்கையில் முட்டையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை" என்றார்.

இனி விற்றே ஆக வேண்டும். பூந்தமல்லிச் சந்தைக்குப் போனோம். கடைக்காரர் ஒருவர் ஒரு முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாமா, பவுடர் போட்டுகினு வந்தா மாதிரி கீது. கவர்மெண்டு முட்டைல சத்து கெடையாது. நாட்டு முட்ட இருந்தா குடு."

எத்தனை கடை ஏறினாலும் அதே பதில். வெள்ளை ஓடு என்றால் மெஷினில் செய்தது என்று பாதிப் பேர் நம்பினார்கள். மறுநாள் குப்பம்மாக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேவிகாம்மா, டீத்தண்ணில ஊற வெச்சா நாட்டு முட்ட கலரு வருது. ஒண்ணு போட்டுப் பாத்தேன். அசலு."

நான் "சரி" என்று சொல்லவில்லை. "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. நம்முடைய உத்தியோகத்தில் "வேண்டாம்" என்று சொல்லாததற்கு என்ன பொருள் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். என் வேலையில் நான் செய்த தப்புகளில் முக்கால்வாசி இப்படி வாயைத் திறக்காமல் செய்தவைதான்.

வெள்ளிக்கிழமை சந்தையில் குப்பம்மாக்காவும் நானும் இரண்டு கூடை பழுப்பு முட்டையோடு உட்கார்ந்தோம். வியாபாரம் அருமையாக நடந்தது. ஆவடியில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர், முறுக்கிய மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இரண்டு டஜன் பொறுக்கினார். பொறுக்கி முடிப்பதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஐந்தே நிமிடம். ஆனால் பெரிய பெரிய துளி.

கூடையில் இருந்த முட்டைகளில் கோடு விழ ஆரம்பித்தது. பழுப்பு, வெள்ளை, பழுப்பு, வெள்ளை. ராணுவக்காரர் மடியில் வைத்திருந்த முட்டைகளிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டை டீ குடித்துக்கொண்டிருந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு முட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னாம்மா, உன் முட்ட வேசம் கலையுது."

கூட்டம் கூடிவிட்டது. "வரிக்குதிர முட்ட பார்றா மாமே" என்று ஒருவன் சொன்னான். "மேல சாயம்னா உள்ள இன்னா கீதோ" என்று ஒரு பெண் சொன்னாள், அதற்கு யாரும் சிரிக்கவில்லை. விஷம், போலீஸ் என்று வார்த்தைகள் காதில் விழுந்தன. குப்பம்மாக்கா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கையில் டீக்கறை இருந்தது. என் கையில் ஒன்றும் இல்லை. நான் எழுந்து குடையை விரித்துக்கொண்டு போயிருந்தால், நான் யார் என்றே அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

எழுந்து நின்றேன். "நான் இந்தப் பக்கத்து கிராம சேவிகா. சாயம் போட்டது இந்த அம்மா மட்டும் இல்ல. எனக்குத் தெரிஞ்சுதான் போட்டோம். தப்பு. டீயைத் தவிர வேற எதுவும் கிடையாது. முட்டை நல்ல முட்டை."

"நல்ல முட்டன்னா குடிச்சுக் காட்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எனக்குப் பச்சை முட்டை என்றால் சின்ன வயதிலிருந்தே குமட்டும். ஒன்றை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டேன். அது தொண்டைக்குள் இறங்கவா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. இறங்கியது. "அது நல்லதா பாத்து எட்துகினா" என்றாள் உள்ளே என்ன இருக்கிறதோ என்று கேட்ட பெண். அவளே கூடையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தேன். மூன்றாவது முட்டைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராணுவக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"போதும்மா, வுட்டுடு. நான் வாங்கிக்கிறேன். கழுவிக் குடு."

அதற்குப் பிறகு அவர் ஒருவர்தான் வாங்கினார். மிச்சத்தைச் சுமந்துகொண்டு காலனிக்குத் திரும்பினோம். வழியில் இரண்டு இடத்தில் நான் சாலையோரம் ஒதுங்க வேண்டியிருந்தது, அதை விவரிக்கத் தேவையில்லை.

குப்பம்மாக்கா வீட்டுக்குள் போனபோது அவருடைய இரண்டு பெண்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூழ். உப்பு. ஆளுக்கு ஒரு வெங்காயம். கூழ் தண்ணீராக இருந்தது. சின்னவள் கிண்ணத்தைச் சாய்த்து வழித்து நக்கினாள். அவள் உட்கார்ந்திருந்த கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் நாலு கூடை முட்டை.

"அக்கா, ஆளுக்கு ஒண்ணு வேக வெச்சுக் குடுக்கறதுதானே?" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது கம்பெனி முட்டைம்மா. நாளிக்கே தொறந்து வண்டி வந்துச்சின்னா கொறயுதேன்னு கேப்பானே. நீதான சொன்னே."

நான்தான் சொன்னேன். கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். பன்னிரண்டு வீட்டில் பிள்ளைகள் தண்ணீர்க் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்காகவே போட்ட திட்டத்தின் முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு. யாரும் திருடவில்லை, யாரும் தடுக்கவில்லை. என் சொல்லைக் கேட்டார்கள், அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கிண்ணத்தின் சத்தத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மறுநாள் காலை எல்லா முட்டையையும் பால்வாடிக்குக் கொண்டுவரச் சொன்னேன். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாகப் போட்டோம். மூழ்கினால் நல்லது, மிதந்தால் கெட்டது. ஒவ்வொரு மிதப்புக்கும் ஒரு வழக்கு நடந்தது. "அது கெட்டுப் போகலம்மா, நீஞ்சுது" என்று ஒருத்தி வாதாடினாள். இன்னொருத்தி மிதந்த முட்டையை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாரு, மூய்கிச்சு" என்றாள். கெட்டது நூற்றைம்பதுக்கு மேல். பின்னால் பெரிய குழி வெட்டிப் புதைத்தோம். இரண்டு கிழவிகள் மண் தள்ளும்போது ஒப்பாரி பாடினார்கள். கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள், நடுவில் ஒருத்திக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

நல்லவற்றை அண்டாவில் வேக வைத்தோம். காலனிப் பிள்ளைகள் எல்லாரும், கர்ப்பிணிகளும், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும்கூடத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். நான் கையில் கரண்டியோடு நின்றபோது ஜீப் சத்தம் கேட்டது. கமிஷனர் இறங்கினார். பின்னால் ஹெட் கிளார்க், மூக்கில் கைக்குட்டையோடு.

என் வேலை அந்த அண்டாவோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கமிஷனர் நேராகப் போய்ப் பிள்ளைகள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்து ஒரு முட்டை வாங்கிச் சாப்பிட்டார். மிளகுத்தூள் கேட்டார். பிறகு ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னார். அதில் "பயனாளிகள் உண்டது" என்று ஒரு கலம் உண்டு. மாதாமாதம் நான் அழகாகப் பூஜ்யம் போட்டு வந்த கலம்.

"இன்னைக்கு எவ்வளவோ அதை எழுதும்மா."

ஹெட் கிளார்க் கைக்குட்டையை விலக்கினார். "சார், ஒரே நாள்ல அறுநூறுன்னு எழுதினா மேலேருந்து கேப்பாங்க."

"கேக்கட்டும். இத்தனை மாசம் பூஜ்யம்னு எழுதினோம். அப்ப யாரும் கேக்கலையே."

கிளம்பும்போது என்னை ஜீப் பக்கத்தில் கூப்பிட்டார். சந்தை விவகாரம் அவர் காதுக்குப் போயிருந்தது. "சாயம் போட்டதுக்கு மெமோ வரும். மூணு முட்டை குடிச்சதுக்கு ஒண்ணும் கிடையாது. அதுக்கு நம்மகிட்ட கலம் இல்ல." மெமோ வந்தது. வைத்திருக்கிறேன்.

இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் கோழிகள் மறுநாளும் போட்டன. கம்பெனி மறுநாளும் மூடியிருந்தது. பிள்ளைகள் எவ்வளவுதான் சாப்பிடுவார்கள்?

வழி கண்டுபிடித்தது நான் அல்ல. அண்டாவைக் கழுவும்போது குப்பம்மாக்கா ஒரு முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"சேவிகாம்மா, உரிச்சிட்டா எது நாட்டு முட்ட, எது தொரைசானி முட்ட?"

அடுத்த நாளே அவித்து உரித்த முட்டை, மிளகும் உப்பும் கலந்த பொட்டலம், மேலே ஈரத் துணி. எங்கே விற்பது என்பதிலும் அவர் என்னைக் கேட்கவில்லை. மதுவிலக்கைத் தள்ளிவைத்துவிட்டுச் சாராயக்கடை திறந்திருந்த காலம் அது. பெங்களூர் ரோட்டோரம் புதிதாக ஒன்று வந்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு இரண்டு பெண்களாகப் போய் அந்தக் கடை வாசலில் கூடையோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சில் வளர்ந்த பெண் நான். பிள்ளைகளின் சத்துக்காக வந்த முட்டை சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளவா? "அக்கா, இது கவர்மெண்டு திட்டம்" என்றேன்.

"கடையும் கவர்மெண்டு ஏலம் உட்டதுதான்" என்றார் அவர். "கோயி குட்த்தது ஒரு கவர்மெண்டு, கட தொறந்தது வேற கவர்மெண்டா?"

 ஒரு துறை உடம்பை ஏற்றப் பார்க்கிறது, இன்னொரு துறை அதே உடம்பை இறக்குகிறது, இரண்டுக்கும் கோப்பு வேறு, கட்டடம் வேறு. ஊரில் மட்டும் இரண்டும் ஒரே வாசலில் சந்தித்துக்கொள்கின்றன. நீங்கள் அந்த வாசலில் போய் நின்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

அந்த வாசலில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. லாரிக்காரர்கள் முட்டையை அள்ளிக்கொண்டு போனார்கள். காலனி ஆண்களுக்குத்தான் கஷ்டம். பூட்டிய கம்பெனியால் பொழுது போகாமல் அந்தப் பக்கம் நடந்தவர்கள், வாசலில் சொந்தப் பெண்டாட்டி கூடையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஏழுமலை வந்தார், நின்றார், எதையோ வீட்டில் மறந்துவிட்டவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். குப்பம்மாக்கா ஒரு முட்டையை உரித்தார், அவ்வளவுதான். உரித்த விதம் அப்படி.

இரண்டு வாரத்தில் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. கடையை ஏலம் எடுத்த கான்டிராக்டர் அனுப்பியது. "மாதர் சங்கத்தினர் கடை வாயிலில் அமர்ந்து வாடிக்கையாளர்களை முறைப்பதால் வியாபாரம் பாதிக்கப்பட்டு, அரசு வருவாய்க்கு ஊறு நேரிடும்" என்று எழுதியிருந்தார். கமிஷனர் இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"போய்ப் பேசிட்டு வாம்மா. முறைக்கிறது எந்தச் சட்டத்தில வருதுன்னும் கேட்டுட்டு வா."

போனேன். கான்டிராக்டர் தங்கமான மனுஷர், உட்கார நாற்காலி போட்டார். எனக்கும் குப்பம்மாக்காவுக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சண்ட வோணாம். நாளைலேருந்து உங்க முட்ட பூரா நானே எட்துக்கிறேன். ஒண்ணு உடாம. என் ஆளு ஊட்டாண்டயே வந்து வாங்கிக்குவான். நல்ல வெல. பொம்பளைங்க யாரும் வெயில்ல வந்து குந்த வோணாம். எழுதிக்கூட தரேன்."

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இத்தனை பட்ட பிறகும், சந்தையில் மூன்று பச்சை முட்டை குடித்த பிறகும், என் கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவை எடுத்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்கிறாரே, இதைவிட என்ன வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. மறுபடியும் ஒரு சிவப்புக் கோடு கண்ணில் தெரிந்தது.

குப்பம்மாக்கா கலரை ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"பூராவும் கெடயாது, அண்ணாத்தே. நாலுல ஒரு பங்கு உனுக்கு. ஒரு பங்கு லாரிக்காரங்களுக்கு. ஒண்ணு ஆவடி ரயிலு ஸ்டேசனுக்கு. ஒண்ணு ஊட்டுக்கு."

"ஊட்டுக்குக் குட்த்தா துட்டு வராதேம்மா."

"வராது. ஆனா ஊட்ட எவனும் பூட்டு போட்டுகினு போவ மாட்டான்."

கான்டிராக்டர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "சரி, வாசல்ல குந்துறது?"

"அது முட்டைக்காவ இல்ல" என்றார் குப்பம்மாக்கா. "அது தனி."

நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத தீர்ப்பு அது. நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம், அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல் இருந்ததுதான்.

கம்பெனி ஒரு வழியாகத் திறந்தது. ஆடி மாதம். ஏழுமலை தூக்குச் சட்டியோடு வேலைக்குப் போனார், இம்முறை அதில் முட்டையும் இருந்தது. அந்த வியாழக்கிழமையே மூன்று சக்கர வண்டி வந்தது. வண்டிக்காரனை நம்பாமல் கேன்டீன் மேனேஜரே பின்னால் சைக்கிளில் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் கூட்டத்தில் எல்லாரும் பேசினார்கள். என்னால்தான் நுழைய முடியவில்லை.

"பழையபடி எல்லாத்தையும் ஏத்தும்மா" என்றார் மேனேஜர்.

குப்பம்மாக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பதினஞ்சு தரலாம். இஸ்டம் இருந்தா எட்துகினு போ. அதுக்கு மேல வோணும்னா வரிசைல வரணும்."

மேனேஜர் திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினார். அரசாங்கத்தின் ஆள் நான்தானே, ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. யாரோ அப்போதுதான் என் கையில் ஒரு அவித்த முட்டையைக் கொடுத்திருந்தார்கள். அதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். மெல்ல ஆரம்பித்தேன். அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படவில்லை.